சோட்டோ மக்களின் பெயரும் அடையாளமும்: ஒரு மதிப்பீடு

கனடாவின் மானிட்டோபா, சஸ்காட்சவான் மாநிலங்களில் வாழும் ஒஜிப்வே மக்களுள் ஒரு பிரிவினர் சோட்டோ என அழைக்கப்பெறுகின்றனர். அவர்களை அறிமுகப்படுத்துவோர் பலர், இது பிரெஞ்சுக்காரர் இட்ட பெயர் என்று ஒரு வரியில் கூறி அமைந்துவிடுகின்றனர். இவ்விளக்கம் பிழையன்று, எனினும் போதுமானதன்று. ஒரு பெயரின் பிறப்பை அறிவது வேறு. அப்பெயர் ஒரு மக்களின் அடையாளமாக வளர்ந்ததை அறிவது வேறு. இவ்விரண்டையும் பிரித்து நோக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

சுப்பீரியர் ஏரியின் நீர் ஹியூரன் ஏரியை நோக்கி இறங்கும் செயின்ட் மேரி ஆற்றில், பாறைகளினூடே நீர் துள்ளிப் பாயும் பகுதி ஒன்று உண்டு. அங்கு வாழ்ந்த மக்கள் அவ்விடத்தைப் பாவிட்டிங் என்றனர். துள்ளுநீர் உள்ள இடம் என்பது அதன் பொருள். 17ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த பிரெஞ்சுக்காரர் அதே பொருள்படத் தம் மொழியில் 'சோ' என்று அவ்விடத்தைக் குறித்து, அங்கு வாழ்ந்தோரையும் அதனடியாகவே பெயரிட்டனர். அப்பெயரின் ஆங்கில ஒலிப்பே சோட்டோ. ஆகவே இதனை முற்றிலும் அயற்பெயர் என ஒதுக்குதல் பொருந்தாது. ஒலி பிரெஞ்சு மொழிக்குரியது. பொருளோ அம்மக்களின் ஊர்ப்பெயருக்குரியது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்மக்களுள் பல குடும்பங்கள் தோல் வணிகத்தை ஒட்டி மேற்கே செவ்வாற்றுப் பகுதிக்கும் அதற்கப்பாலும் சென்றன. துள்ளுநீர் கிழக்கே நின்றுவிட்டது. பெயர் மட்டும் உடன் சென்றது. அதன் பின்னர் அப்பெயர் எதைக் குறித்தது? உடன்படிக்கைகளே இதற்குச் சான்று பகர்கின்றன. 1817இல் செல்கர்க் பிரபுவுடன் செய்த உடன்படிக்கை 'சிப்பேவா அல்லது சோட்டோ' என இரு பெயர்களையும் ஒன்றாக்குகிறது. 1871இன் முதலாம் உடன்படிக்கை சிப்பேவா என்றே கூறுகிறது. 1873இன் மூன்றாம் உடன்படிக்கையோ சோட்டோவை ஒஜிப்வே மக்களின் ஒரு குலமாகக் காட்டுகிறது. 1874இன் நான்காம் உடன்படிக்கையில் சோட்டோ மக்கள் கிரீ மக்களோடு இணையாக வைக்கப்பெறுகின்றனர். 1817இல் ஒப்பமிட்ட தலைவருள் பெக்விஸ் ஒருவர். 1871இல் ஒப்பமிட்ட ஹென்றி பிரின்ஸ் அவருடைய மகன். தந்தைக்கும் மகனுக்கும் இடையே இனம் மாறிவிடவில்லை; எழுதியோரின் வகைப்பாடே மாறியது.

ஆய்வாளரும் இதற்கு விலக்கல்லர். 1930களில் வின்னிபெக் ஏரியின் கிழக்கே பெரன்ஸ் ஆற்றுப் பகுதியில் களஆய்வு செய்தவர் ஏ. இர்விங் ஹாலோவெல். மந்திரச் சடங்கு பற்றிய அவரது 1942ஆம் ஆண்டு நூலின் தலைப்பில் அம்மக்கள் சோட்டோ. உலகநோக்குப் பற்றிய 1960ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பில் அவர்களே ஒஜிப்வா. அவருடைய ஆய்வின் ஆழத்தை இது குறைத்துவிடாது. ஆனால், தலைப்புகளை மட்டும் நோக்கும் மாணவர் இரு வேறு மக்களைப் பற்றிப் படிப்பதாகவே எண்ணுவர். மேற்குக் கனடாவின் ஒஜிப்வா மக்களைப் பற்றி லோரா பியர்ஸ் 1994இல் வெளியிட்ட நூல் 1780 முதல் 1870 வரை எனக் கால எல்லை வகுத்துக்கொள்கிறது. பெயரை இடத்தோடும் காலத்தோடும் பொருத்திக் காணும் இம்முறை பின்பற்றத்தக்கது.

சோட்டோ என்பதைக் களைந்து ஒஜிப்வே என்று எழுதிவிட்டால் சிக்கல் தீரும் என்பாரும் உளர். ஒஜிப்வே, சிப்பேவா ஆகிய இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்களே. அவற்றுள் பின்னது அமெரிக்க ஐக்கிய நாட்டு ஆவணங்களில் பெருவழக்காயிற்று. அம்மக்கள் தம்மைக் குறிக்கும் அனிஷினாபே என்னும் சொல் மிகப் பரந்தது. தம் மொழியை அவர்கள் நாகவேமோவின் என்கின்றனர். இவற்றுள் எதுவும் மற்றொன்றின் இடத்தை முழுமையாக நிரப்புவதில்லை.

இது வெறும் சொல்லாய்வு அன்று. நிலம், வேட்டை, கல்வி ஆகியவை குறித்த உரிமைக் கோரிக்கைகள் இன்றும் இவ்வுடன்படிக்கைகளையே ஆதாரமாகக் கொள்கின்றன. ஆவணத்திலுள்ள பெயரை நாம் திருத்தி எழுதினால் அச்சான்று மங்கும். சோட்டோவைத் தனி இனமாக நிறுத்தினால் கிழக்கேயுள்ள உறவினரிடமிருந்து அம்மக்களை அறுத்தவராவோம். எனவே, இப்பெயரைக் கையாளும் ஆய்வாளரும் ஆசிரியரும் யார், எவ்விடத்தில், எவ்வாண்டில் அதனை வழங்கினர் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். அப்பொழுதே பெயர் விளக்கம் அடையாள வரலாறாக நிறைவுபெறும்.