சொன்னது அவள், கேட்டது யார்?

'ஷி செட்' என்கிற அமெரிக்கப் படத்தை எங்கள் தெரு இரவுப் பள்ளியில் பெண்களுக்குப் போட்டுக் காட்டினேன். 2022இல் வந்த படம். மரியா ஷ்ரேடர் என்ற ஜெர்மன் பெண் இயக்கியது. ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் தன்னிடம் வேலை பார்த்த பெண்களையும் நடிகைகளையும் ஓட்டல் அறைகளில் வைத்துப் பல வருஷங்களாக என்ன செய்து வந்தான் என்பதை நியூயார்க் டைம்ஸ் நிருபர்களான ஜோடி கேன்டர், மேகன் டூஹி என்ற இரண்டு பெண்கள் வெளியே கொண்டுவந்த கதை. வசனம் ஆங்கிலம். நிறுத்தி நிறுத்தி நான்தான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிப் படத்தில் ஓர் ஆயா கேட்டுச்சு:

"ஏம் பொண்ணே, கதவச் சாத்திக்கிட்டு நடந்ததாலதான் இவளுங்க இவ்ளோ தேடுறாளுங்க. நமக்குக் கரும்புக்கொல்லையில நடக்குது. ஊருக்கே தெரியுது. இதுல கண்டுபுடிக்க என்னா இருக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

படத்தில் நல்லது இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வன்முறையை ஒரு இடத்திலும் நடித்துக் காட்டவில்லை. ஆளில்லாத ஓட்டல் நடைவழியைக் கேமரா காட்டிக்கொண்டே போகிறது. 2015இல் ஒரு பெண் போலீஸ் ஏற்பாட்டில் ரகசியமாகப் பதிவுசெய்த வைன்ஸ்டீனின் நிஜக் குரல் அதன்மேல் ஓடுகிறது. அவ்வளவுதான். அவன் முகம்கூட நமக்குக் கிடையாது. முதுகு மட்டும். நம்ம சினிமாவில் பலாத்காரம் என்றால் வில்லனுக்கு அது ஒரு சண்டைக் காட்சி மாதிரி. பார்க்கிறவனும் வில்லன் கண்ணால்தான் பார்ப்பான். கடைசியில் அவள் தூக்கில் தொங்குவாள், அண்ணன்காரன் பழிவாங்குவான். அவள் என்ன நினைத்தாள் என்று ஒருத்தனும் கேட்டதில்லை. இந்தப் படம் கேட்கிறது.

ஆனால் படம் முழுக்க நிற்பது ஒரே விஷயத்தின் மேல்: பெயர். பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று யார் முன்வருவார்? பணம் கொடுத்து, வாய் திறக்க மாட்டேன் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். ஜெல்டா பெர்கின்ஸ் 1998இல் போட்ட கையெழுத்து அவரை இருபது வருஷம் கட்டிப்போட்டிருக்கிறது. நடிகை ஆஷ்லி ஜட் தானாகவே நடித்திருக்கிறார். பெயரைப் போடுங்கள் என்று அவர் சொன்னதும் கேன்டர் அழுதுவிடுகிறார். மார்பில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் லாரா மேடனும் சரி என்கிறார். 2017 அக்டோபர் 5 அன்று செய்தி வெளியாகிறது. வெளியிடும் பொத்தானை அழுத்துவதோடு படம் முடிகிறது.

ஆக இந்தவகைப் படத்துக்கு அடிப்படை ஒரு ரகசியம். அது உடைந்தால் நியாயம் பிறக்கும் என்ற நம்பிக்கை. ஆயா கை வைத்தது இந்த நம்பிக்கையில்தான். நம்ம பொம்பளைங்க விஷயத்தில் ரகசியம் ஏது? நிலக்காரனுக்கு மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஊருக்குத் தெரியணும் என்பதற்காகவே செய்கிறான். சேரியை அடக்கி வைக்க அது அவனுக்கு ஒரு வழி.

ஹாத்ரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பர் 14. அம்மாவோடு புல் அறுக்கப் போன 19 வயது வால்மீகி சாதிப் பெண், கம்பங்கொல்லையில். தாக்கூர் சாதி ஆண்கள் நாலு பேர் என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே அவள் சொன்னாள். பெயரைச் சொல்லிச் சொன்னாள். நாடே கேட்டது. 29ஆம் தேதி செத்துப்போனாள். அன்று இரவே, பெற்றவர்களைப் பக்கத்தில் விடாமல் போலீஸ் உடலை எரித்தது. 2023 மார்ச்சில் தீர்ப்பு: மூன்று பேர் விடுதலை. ஒருவனுக்கு மட்டும் ஆயுள் தண்டனை, அதுவும் கொலையாகாத மரணம் விளைவித்ததற்கும் வன்கொடுமைச் சட்டத்திலும். பாலியல் வன்முறை யார் மேலும் நிரூபிக்கப்படவில்லையாம். அவளும்தான் சொன்னாள்!

இதை எழுதக் கிளம்பிய கேரளப் பத்திரிகையாளர் சித்திக் கப்பன் வழியிலேயே கைதானார். அந்தத் தேதியும் அக்டோபர் 5, வருஷம் 2020. உபா சட்டத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் சிறை. அங்கே நிருபருக்குப் பின்னால் ஆசிரியர் குழு, வக்கீல்கள், பெரிய கட்டடம். இங்கே நிருபருக்கு முன்னால் சிறைக் கதவு.

நம் கதைக்குக் கிட்டே வருகிற படம் ஒன்று இருக்கிறது. 2021இல் ரிந்து தாமஸ், சுஷ்மித் கோஷ் எடுத்த ஆவணப்படம், 'ரைட்டிங் வித் ஃபயர்'. உத்தரப்பிரதேசத்தில் 2002 முதல் பெண்களே நடத்தும் 'கபர் லஹரியா' பத்திரிகையைப் பற்றியது. படத்தில் வருகிற நிருபர்கள் தலித் பெண்கள். செல்போனைச் சரியாகப் பிடிக்கவே பயப்படுகிறவர்கள், அதை வைத்தே செய்தி சேகரிக்கப் பழகுகிறார்கள். படத்தின் தொடக்கத்திலேயே மீரா தேவி ஒரு வீட்டுக்குப் போகிறார். நாலு பேரால் பல தடவை வன்முறைக்கு ஆளான பெண் பேசுகிறார். போலீஸ் புகாரை எடுக்கவில்லை. மீரா கேட்டுக்கொண்டு, நேராக ஸ்டேஷனுக்குப் போய் ஏன் எடுக்கவில்லை என்று அதிகாரியின் முகத்துக்கு நேரே கேட்கிறார். இங்கே ரகசியத்தை உடைக்கிற வேலை இல்லை. காது கேட்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறவன் முன்னால் போய் நிற்கிற வேலை. அதிலும் நிற்பவள் ஒரு தலித் பெண். எனக்கு இதுதான் பெரிய காட்சி.

அந்தப் படம் ஆஸ்கர் போட்டி வரை போனது. 2022 மார்ச்சில் அந்தப் பெண்களே, இது எங்கள் கதையின் ஒரு பகுதிதான், எங்கள் வேலையை ஒரே கட்சியைச் சுற்றியதாகக் காட்டிவிட்டது என்று அறிக்கை விட்டார்கள். சிலருக்கு இது நன்றி கெட்டதனமாகப் பட்டது. எனக்கு அப்படிப் படவில்லை. நம்மைப் பற்றி அடுத்தவர் எடுத்தது நல்ல படமாகவே இருக்கட்டும், இது முழுசா நாங்க இல்லை என்று சொல்ல நமக்கு ஒரு பத்திரிகை வேண்டும். அவர்களிடம் அது இருந்தது.

கடைசியாக அந்தப் பொத்தான். வைன்ஸ்டீனுக்கு 2020இல் 23 வருஷத் தண்டனை. 2024இல் நியூயார்க் மேல்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பெண்கள் திரும்பக் கூண்டேறினார்கள். 2025 மறுவிசாரணையில் ஒரு குற்றச்சாட்டில் மட்டும் மறுபடி குற்றவாளி. பொத்தானை அழுத்தியதோடு அவர்களுக்கே முடியவில்லை.

நாமும் இந்தத் தப்பைச் செய்கிறோம். உண்மை அறியும் குழு என்று வேன் பிடித்துப் போகிறோம். யாரு, எப்ப, எத்தனை பேரு என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். சட்டப்படி பெயரை மறைக்கிறோம், தெருப் பெயரைப் போட்டுவிடுகிறோம். அறிக்கை அச்சாகிவிட்டால் வேலை முடிந்த மாதிரி அடுத்த ஊருக்குப் போய்விடுகிறோம்.

படம் முடிந்து பாயைச் சுருட்டும்போது ஆயா இன்னொன்றும் கேட்டுச்சு: "எழுதிப் போட்டுட்டாளுங்க, சரி. மறுநாளு அவ யாரு கொல்லைக்குக் களை வெட்டப் போவா?"

அந்த மறுநாளைக் காட்டுகிற படம் இன்னும் வரவில்லை. நம்ம அறிக்கைகளிலும் வரவில்லை.