ஆளில்லாத பேருந்து

பேருந்து ஆர்வலர்கள் எடுக்கும் புகைப்படங்களுக்கென்று எழுதப்படாத ஓர் இலக்கணம் உண்டு. வெயில், படம் எடுப்பவரின் முதுகில் விழ வேண்டும். வண்டியின் முகமும் நடைபாதையை ஒட்டிய பக்கவாட்டும் சேர்ந்து தெரியும்படி முக்கால் கோணத்தில் அமைய வேண்டும். தட எண், ஊர்ப்பெயர், பதிவெண், வண்டியின் வரிசை எண் எல்லாவற்றையும் படிக்க முடிய வேண்டும். குறுக்கே ஆட்கள் வரக்கூடாது. இந்தக் கடைசி விதியைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன். மனிதர்களை ஏற்றிச் செல்வதற்காகவே உருவான ஒரு பொருளை, மனிதர்கள் இல்லாதபோதுதான் அழகாக இருக்கிறது என்று கருதும் பார்வை யாருடையது?

இந்த இலக்கணத்துக்குக் கச்சிதமாகப் பொருந்திய வண்டி லண்டனின் நியூ ரூட்மாஸ்டர். 2012 பிப்ரவரி 27 அன்று, விக்டோரியாவிலிருந்து ஹாக்னி பக்கம் செல்லும் 38-ஆம் தடத்தில் அந்த ஹைபிரிட் மாடிப் பேருந்து முதன்முதலாக ஓடியது. தாமஸ் ஹெதர்விக்கின் நிறுவனம் வடிவமைத்தது. வட அயர்லாந்தின் ரைட்பஸ் ஆலை கட்டியது. மொத்தம் 1000 வண்டிகள். எண்ணி முடித்துவிடக்கூடிய தொகை என்பதால் ஆர்வலர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஒவ்வொன்றாகப் பார்த்து, படமெடுத்து, பட்டியலில் குறித்துக்கொண்டே போகலாம். எந்த எண் எந்தப் பணிமனையில் இருக்கிறது, எப்போது தடம் மாறியது என்பதையெல்லாம் அவர்கள் குறித்துவைக்கிறார்கள்.

ஆனால் அந்த வண்டியின் முக்கியமான புதுமை வெளியிலிருந்து தெரிவதில்லை. டீசல் எஞ்சின் நேரடியாகச் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அது மின்சாரம் தயாரிக்கிறது; மின்மோட்டார் வண்டியை ஓட்டுகிறது; பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் ஆற்றல் பேட்டரிக்குத் திரும்புகிறது. பேட்டரியில் போதிய சக்தி இருந்தால் எஞ்சின் அணைந்துவிடும். நிறுத்தத்தில் அந்தச் சில நொடி அமைதியை உணர்பவர் உள்ளே உட்கார்ந்திருக்கும் பயணி. எதிர்நடைபாதைக் கேமராவுக்கு அகப்படுவது வளைந்த கண்ணாடியும் சிவப்பு வண்ணமும்தான்.

உள்ளே வேறொரு அனுபவமும் இருந்தது. தொடக்கத்தில் அந்த வண்டியில் திறக்கக்கூடிய ஜன்னல்கள் இல்லை. கோடையில் மேல்தளம் வெந்தது. குளிரூட்டும் ஏற்பாடு போதவில்லை என்ற புகார்கள் குவிந்தன. 2015-க்குப் பிறகுதான் ஜன்னல்கள் திறக்கும்படி மாற்றப்பட்டன. அந்த வண்டிக்கு இரண்டு பட்டப்பெயர்கள் வழங்கின. ஒன்று ‘போரிஸ் பஸ்’, அதைக் கொண்டுவந்த மேயர் போரிஸ் ஜான்சனின் பெயரால். மற்றொன்று ‘ரோஸ்ட்மாஸ்டர்’, வறுத்தெடுக்கும் வண்டி. ஒரு பெயர் உத்தரவிட்ட ஆணை நினைவில் வைக்கிறது. இன்னொரு பெயர் வியர்த்த உடலை நினைவில் வைக்கிறது. ஆர்வலர் படங்களின் அழகியல் முதல் பெயரின் பக்கம் நிற்பதாகவே நான் வாசிக்கிறேன்.

காணாமல் போனது பயணியின் உடல் மட்டுமில்லை. லண்டன் பேருந்தின் வரலாற்றில் பெண்களின் உழைப்பு நடுவிலேயே இருக்கிறது. முதல் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குப் போனதும் பெண்கள் நடத்துநர்களானார்கள். 1918 ஆகஸ்டில், ஆண்களுக்குக் கொடுத்த போர்க்காலப் படி தங்களுக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து, அதை வாங்கியும் காட்டினார்கள். ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண் அமர்வதற்கு மட்டும் 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் ஜில் வைனர். லண்டன் போக்குவரத்து இருக்கைகளின் துணிகளை வடிவமைத்தவர்களில் ஈனிட் மார்க்ஸ், மரியான் ஸ்ட்ராப் என்ற இரு பெண்கள் முக்கியமானவர்கள். லட்சக்கணக்கானோர் உட்கார்ந்து தேய்த்த கலை அது. வெளிப்புறத்தை மட்டும் பார்க்கும் படத்தில் துணிக்கு ஏது இடம்?

நியூ ரூட்மாஸ்டரின் பின்புறத் திறந்த மேடை பழைய ரூட்மாஸ்டரின் நினைவாக வைக்கப்பட்டது. ஓடும்போது அது திறந்திருக்க வேண்டுமானால் அங்கே ஓர் ஆள் நிற்க வேண்டும். சில தடங்களில் அப்படி உதவியாளர்கள் நிறுத்தப்பட்டார்கள். 2016-இல் அந்த வேலையே இல்லாமல் போனது. அதன்பின் எடுத்த படங்களில் பின்கதவு மூடியிருக்கும். ஒரு தொழில் முடிந்துபோனதற்கான சாட்சி அந்த மூடிய கதவு. பெரும்பாலான குறிப்புகளில் அது வண்டியின் அமைப்பில் வந்த ஒரு மாற்றம், அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ஆர்வலர்களைக் கேலி செய்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரிட்டனில் ஆம்னிபஸ் சொசைட்டி 1929-இலேயே தொடங்கப்பட்டது. அதிகாரிகள் தூக்கியெறியும் தகவல்களை இவர்கள் கூலியில்லாமல் பத்திரப்படுத்துகிறார்கள். எந்த வண்டிக்கு எப்போது ஜன்னல் திறந்தது, கதவு எப்போது மூடியது என்று நான் இன்று கேட்க முடிவதற்கு அவர்களுடைய பொறுமையும் ஒரு காரணம். பொதுச்சொத்தின் மீது இத்தனை அன்பு வைப்பது மதிக்க வேண்டிய குணம். அந்த அன்பு எதைக் குறித்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதே என் கேள்வி.

அந்தப் பொறுமைக்கும் ஒரு பாலினம் உண்டு. ஒரு தெருமுனையில் இரண்டு மணி நேரம் காரணமில்லாமல் நிற்பது எல்லோருக்கும் ஒரேமாதிரி வாய்ப்பதில்லை. ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து எழுதிய நூல் 2011-இல் வெளிவந்தது. பொதுவெளியில் பெண் வேலையோடு கடந்துபோகலாம், சும்மா நிற்க முடியாது என்பது அதன் அடிப்படை வாதம். லண்டன் மும்பை இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையைக் கேமராவுக்கு ஒதுக்குகிறவரின் வீட்டில் அன்றைய சமையல் யார் கையில் என்ற கேள்வி எந்த நகரத்துக்கும் பொருந்தும். இந்தப் பொழுதுபோக்கில் பெண்கள் இல்லாமலில்லை. அவர்கள் ஏன் குறைவு என்பதற்கு ‘இயந்திரங்களில் ஆர்வமில்லை’ என்று காரணம் சொல்வது சோம்பேறித்தனம்.

பேருந்தில் நிறையப் பெண்கள் போகிறார்கள். அவர்களுடைய பயணம் பெரும்பாலும் வீட்டிலிருந்து வேலைக்கு ஒரே கோடாகப் போவதில்லை. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மருந்து வாங்கி, அம்மாவைப் பார்த்து, பிறகு வேலைக்கு என்று துண்டுதுண்டாகப் போகும். 2016 செப்டம்பரில் லண்டனில் ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் இரண்டாவது பேருந்துக்குக் கட்டணமில்லை என்றானது. அந்தச் சலுகை எத்தனையோ பெண்களின் நாளை மாற்றியிருக்கும். அதைப் படமெடுக்க வழியில்லை. குழந்தை வண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் ஒரே இடத்தை ஒதுக்கும் வடிவமைப்பும் அப்படித்தான். யார்க்‌ஷயரில் அந்த இடத்துக்காக ஒரு தாயும் சக்கர நாற்காலிப் பயணி ஒருவரும் எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள். அந்த வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 ஜனவரியில், இடம் விடும்படி கேட்டுவிட்டு ஓட்டுநர் சும்மா இருந்தால் போதாது என்று தீர்ப்பு வந்தது. இருவரையும் மோதவிட்ட வண்டியின் உட்புறத்தை யார் ஆவணப்படுத்தியிருக்கிறார்கள்?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் சில வரிகள்: மேல்தளத்தில் அன்று எவ்வளவு வெப்பம், இருக்கைத் துணியை வடிவமைத்தவர் யார், குழந்தை வண்டிகள் எத்தனை ஏற முடிந்தது, ஓட்டுநர் பெண்ணா. குறுக்கே ஒரு பெண் பைகளோடு ஓடிவந்தால், அவர் கடந்துபோகும் வரை ஷட்டரை அழுத்தாமல் காத்திருப்பது வழக்கம். அப்போதே அழுத்திவிடலாம். அவர் அந்தப் பேருந்தைப் பிடிக்கத்தான் ஓடுகிறார்.