மலையாகும் நூல்கள்

கனடா நாட்டுச் சிற்பி கீ லராமே பழைய நூல்களை அடுக்கி மலைகளாகச் செதுக்குபவர். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் 2012இல் அச்சுப் பதிப்பை நிறுத்தியது. அதன் தொகுதிகளையே அவர் மலைத்தொடராக்கினார். மரம் தாளாகி, தாள் நூலாகி, நூல் மீண்டும் இயற்கையின் வடிவம் கொள்கிறது. அழகிய படைப்பே, ஆயினும் வெட்டுண்ட மரம் அதனால் தளிர்ப்பதில்லை. நேர்ந்த இழப்பை உணர்த்தும் அக்கலை, இழக்காதிருக்கும் வழியைச் சொல்லவில்லை.

அவ்வழியை நம் முன்னோர் அறிந்திருந்தனர். செஞ்சிப் பகுதியிலுள்ள மேல்சித்தாமூர்ச் சமண மடம் ஓலைச்சுவடிகளைப் பேணி வந்துள்ளது. சுவடிக்காகப் பனையை வீழ்த்த வேண்டியதில்லை. ஓலையை வெட்டினாலும் குருத்து மீண்டும் எழும். அத்தகைய பனையையே நாம் செங்கற்சூளைக்கு விறகாக விற்று வந்திருக்கிறோம். சுவடியைப் போற்றிவிட்டு, ஓலை ஈந்த மரத்தை எரித்தால், நம் பிள்ளைகளுக்கும் பனை ஒரு சிற்பமாகவே எஞ்சும்.