நைல் வண்டலும் ‘கொடை’க் கோட்பாடும்: ஒரு மறுபார்வை

எகிப்தை நைல் நதியின் கொடையாகக் காணும் கருத்து, கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸின் பெயரால் இன்றும் பாடநூல்களிற் பயின்று வருகின்றது. கொடை என்பது பெறுபவரின் உழைப்பை வேண்டாதது. ஆகவே, அச்சொல் அந்நாட்டு மண்ணின் இயல்பை எவ்வளவுக்கு விளக்குகின்றது என்பது ஆராயத்தக்கது.

மண்ணை அவதானிப்பதில் ஹெரொடோட்டஸ் நுட்பமானவரே. எகிப்தின் கரிய, பொலபொலப்பான மண் எதியோப்பியாவிலிருந்து ஆற்றாற் கொணரப்பட்டதென்றும், நிலத்தில் உப்புப் பூக்கின்றதென்றும் அவர் குறித்துள்ளார். பிற்கால ஆய்வுகள் இவற்றை உறுதிசெய்துள்ளன. எதியோப்பிய மேட்டுநிலத்தின் பெரும்பகுதி, ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பாலானது. நீல நைலும் அத்பராவும் அதனை அரித்துக் கொணர்ந்தன. எனவே நைல் வண்டலில் இரும்பும் மக்னீசியமும் செறிந்த கனிப்பொருள்களும், மொன்மொரிலனைற்று வகைக் களியும் மிகுந்துள்ளன. இக்களி நனைந்தால் வீங்கும். உலர்ந்தால் ஆழமாக வெடிக்கும். கல்சியம், பொற்றாசியம் முதலிய போசணைகளைப் பற்றி வைத்திருக்கும். எனினும், சேதனப்பொருளும் நைதரசனும் இதிற் குறைவு. பாலைநிலமாதலின் உப்பைக் கழுவ மழையில்லை. நிலத்தடி நீர் மயிர்த்துளைகள் வழியே மேலேறி ஆவியாக, உப்பு மேற்பரப்பிலே தங்கிவிடுகின்றது.

இங்கேதான் ஹெரொடோட்டஸின் பார்வை தவறுகின்றது. கழிமுக மக்கள் பிறரினுங் குறைந்த உழைப்புடன் விளைவு பெறுவதாக அவர் கருதினார். கோடையில் வெடித்த நிலத்துள் வெள்ளம் புகுந்து உப்பைக் கழுவியது உண்மையே. ஆயின், வரம்புகட்டி நீரை வாரக்கணக்கில் தேக்கியவையும், உரிய காலத்தில் அதனை வடித்தவையும் உழவரின் கரங்களே. 19ஆம் நூற்றாண்டில், ஏற்றுமதிப் பருத்தியின் பொருட்டு ஆண்டு முழுவதும் நீர்பாய்ச்சும் முறை பரவியபோது, கால்வாய்களை வெட்டியதும் பெரிதும் கட்டாய உழைப்பே. வடிகால் அமைப்பு இதற்கு ஈடாக வளரவில்லை. நிலத்தடி நீர் உயர, உப்பும் உயர்ந்தது.

1970இல் நிறைவுற்ற அஸ்வான் உயரணை, அதுவரை ஆண்டுதோறும் வந்த 10 கோடி தொன்னுக்கு மேற்பட்ட வண்டலை நாசர் ஏரியிலே தடுத்துவிட்டது. வண்டல் நின்றதால் வளமே நின்றது என்னும் புலம்பலும் கொடைக் கோட்பாட்டின் மறுபக்கமே. நைதரசன் குறைந்த வண்டலின் போசணை இழப்பை உரத்தாற் பெரும்பாலும் ஈடுசெய்யலாம். உப்பைக் கழுவி அகற்றும் வேலைக்கோ வடிகால் வேண்டும். 1970களிலிருந்து நைல் நிலங்களில் வடிகாற் குழாய்கள் பரவலாகப் புதைக்கப்பட்டமை இதற்குச் சான்றாகும்.

மூலப்பொருள் எதியோப்பிய மலைகளிலிருந்து வந்தது. அதனை விளைநிலமாகப் பேணியது உழவரின் உழைப்பு. கொடை என்ற சொல் இவ்விரண்டையும் மறைத்து, ஆற்றை மட்டுமே நம் கண்முன் நிறுத்துகின்றது.