லேடிக்குள் ஒரு பிடி மாவு

'லேடி' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் கையில் மாவு ஒட்டும். பழைய ஆங்கிலத்தில் அது 'ஹ்லாஃப்டீயெ'. முன்பாதி ரொட்டி, இன்றைய 'லோஃப்', பின்பாதி, பிசைகிறவள். ரொட்டி மாவு பிசைவதைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் இன்னும் இனிக்கும். முதலில் விரலிடுக்கெல்லாம் பிசுபிசுவென்று அப்பிக்கொள்ளும். உள்ளங்கையின் அடியால் அழுத்தித் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி தள்ளத் தள்ள மெல்ல வழவழப்பேறி, தானாகவே கையை விட்டுப் பிரியும். அந்தப் பொறுமைக்குக் கிடைத்த மரியாதைப் பெயர்தான் இது என்று நினைக்கவே சந்தோஷமாக இருக்கிறது.

'லார்ட்' அவளுக்குத் துணை: ஹ்லாஃப்வேர்ட், ரொட்டியைக் காப்பவன். எனக்கென்னவோ பிசைகிறவள்தான் ஒரு படி மேல். ஹ்லாஃபோர்ட், லவர்ட், லார்ட் என்று வாய்க்கு வாய் புழங்கி, முதலில் ஹகரக் காற்று அடங்கியது. பிறகு நடுவிலிருந்த உதட்டொலியும் கரைந்தது. இழைப்புளி போட்ட மரம் போல மூட்டுவாய் தெரிவதே இல்லை. லேடியிலும் அதே இழைப்பு. அதில் எஞ்சிய 'லே' ரொட்டியினுடையது. 'டி' மாவு பிசைந்த கையினுடையது.