ஹைவ்: பல வருடம் எழுதிப் பார்த்த பிறகு

எழுதுகிறவருக்கும் காசு, படித்து ஓட்டுப் போடுகிறவருக்கும் காசு என்ற வாக்குறுதியோடு 2016 மார்ச்சில் ஒரு பிளாக்செயின் தொடங்கியது. பெயர் ஸ்டீம். ஆரம்பித்தவர்கள் நெட் ஸ்காட், டான் லாரிமர். அதிலிருந்து 2020 மார்ச் 20 அன்று பிரிந்து வந்ததுதான் ஹைவ். இரண்டிலுமாகப் பல வருடங்கள் எழுதியிருக்கிறேன். இப்போது என் ஃபோனில் ஈசென்சி செயலி, மடிக்கணினியில் பீக்டி தளம், சாவிகளைப் பாதுகாக்க ஹைவ் கீசெயின். மூன்றையும் வெவ்வேறு குழுக்கள் உருவாக்கியிருந்தாலும் மூன்றும் ஒரே சங்கிலியோடுதான் பேசுகின்றன. ஈசென்சியில் எழுதியது அடுத்த சில நொடிகளில் பீக்டியில் தெரியும். ஆகவே இந்த விமர்சனம் மூன்றுக்கும் சேர்த்து.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பாதிக்க வருகிறவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். எழுதிப் பழக வேண்டும், எழுதியதைப் படித்துப் பதில் சொல்ல நாலு பேர் வேண்டும் என்று தேடுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அதற்கான காரணம் இந்த மென்பொருள் கட்டப்பட்ட விதத்திலேயே இருக்கிறது.

கணக்குத் தொடங்குவதுதான் முதல் தடை. பயனர் பெயர் 3 முதல் 16 எழுத்து வரை இருக்கலாம். ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், இடைக்கோடு, புள்ளி மட்டும். தமிழில் பெயர் வைக்க வழியில்லை. பெயர் கிடைத்ததும் மனப்பாடம் செய்யவே முடியாத நீளத்தில் ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு வரும். அதிலிருந்து நான்கு சாவிகள் பிறக்கின்றன. பதிவு போட, ஓட்டுப் போட போஸ்டிங் சாவி. பணத்தைத் தொட ஆக்டிவ் சாவி. கணக்கையே மாற்ற ஓனர் சாவி. மறையாக்கிய குறிப்புகளுக்கு மெமோ சாவி. அன்றாடம் போஸ்டிங் சாவி ஒன்று போதும். அது திருட்டுப் போனாலும் பணம் போகாது. இந்தப் பிரிவினை மிக நல்ல யோசனை. வங்கிச் செயலிகள்கூட இவ்வளவு தெளிவாகப் பிரிப்பதில்லை.

ஆனால் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்ற பொத்தான் இங்கே கிடையாது. ஓனர் சாவியை யாராவது திருடி மாற்றிவிட்டால் 30 நாளுக்குள், மீட்புக் கணக்கின் உதவியோடு திரும்பப் பெறலாம். தொலைத்துவிட்டால் தொலைத்ததுதான். எந்த வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் செய்தாலும் பயனில்லை, ஏனென்றால் அப்படி ஒரு சேவையே இல்லை.

எழுதுவதற்குக் கட்டணம் கிடையாது. மூன்று நொடிக்கு ஒரு பிளாக் உருவாகிறது. கட்டணத்துக்குப் பதிலாக 'ரிசோர்ஸ் கிரெடிட்' என்ற அளவு நம் கணக்கிலிருந்து கொஞ்சம் குறைகிறது, ஐந்து நாளில் அது தானாக முழுதும் ஊறிவிடும். தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே கணக்கு எழுத்துகளில் இல்லை, பைட்டுகளில். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் ஆகிறது. 'கோ' என்று அடித்தால் ககரத்துக்கு மூன்று, கொம்புக்கும் காலுக்கும் சேர்த்து மூன்று. ஒரு பதிவின் உச்ச அளவு 64 கிலோபைட் என்பதால் ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு இடம்தான் நமக்கு. ஒரு நீண்ட கட்டுரைக்கு அது தாராளம். புதிதாக வந்து, கணக்கில் கிரெடிட் குறைவாக இருக்கும் நாட்களில்தான் நீளமான தமிழ்ப் பதிவு போடும்போது போதாமல் போகும்.

இனி முக்கியமான விஷயம். ஒரு பதிவுக்கு ஓட்டின் வழியாகச் சன்மானம் சேர்வது ஏழு நாள் வரைதான். அந்தத் தொகையில் பாதி எழுதியவருக்கு, பாதி ஓட்டுப் போட்டவர்களுக்கு. 2019 ஆகஸ்ட் வரை முக்கால் பங்கு எழுத்தாளருக்குப் போனது. மாற்றியபோது பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அந்த மாற்றம் சரி என்றே படுகிறது. படிக்கிறவனுக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று கணக்கு வழக்காகவே சொன்ன வேறு தளத்தை நான் பார்த்ததில்லை.

ஓட்டும் வற்றாத ஊற்று இல்லை. முழு ஓட்டு ஒன்று போட்டால் நம் ஓட்டுச் சக்தியில் 2 சதவீதம் இறங்கும். ஒரு நாளில் 20 சதவீதம் திரும்ப ஏறும். அதாவது நாளொன்றுக்குப் பத்து முழு ஓட்டு. ஈசென்சியில் மேல்நோக்கிய குறியைத் தொட்டால் ஒரு ஸ்லைடர் விரிகிறது. விரலை இழுக்க இழுக்க சதவீதம் ஏறும், பக்கத்தில் அந்த ஓட்டின் டாலர் மதிப்பும் ஏறும். என் ஓட்டின் மதிப்பு சில சென்ட்டுகள்தான். ஆனாலும் இவருக்கு நூறு போடவா, நாற்பது போடவா என்று விரல் ஒரு கணம் நிற்கும். பதிவை மறுபடி மேலேற்றிப் படிக்கத் தோன்றும். எந்தச் சமூக ஊடகத்திலும் இதயக் குறியை அழுத்தும்போது எனக்கு இந்தத் தயக்கம் வந்ததில்லை. கவனமாகப் படிக்கும் பழக்கம் எனக்கு இந்த ஸ்லைடரால்தான் வந்தது.

சம்பாதித்ததில் ஒரு பகுதி 'ஹைவ் பவர்' என்று பூட்டப்பட்டுச் சேர்கிறது. அதை வெளியே எடுக்க 13 வாரம், வாரம் ஒரு தவணை. அவசரக்காரர்கள் சீக்கிரமே சலித்துப் போய்விடுகிறார்கள். இருந்துவிட்டவர்கள் ஒருவரை ஒருவர் வருடக்கணக்கில் படிக்கிறார்கள். என் நட்புகள் எல்லாம் இப்படித் தங்கிப் போனவர்களிடமிருந்து வந்தவை.

வெனிசுவேலாவின் மரகைபோவில் ஒரு பெண். அங்கே பணவீக்கத்தால் சம்பளம் கரைந்து கொண்டிருந்த காலத்தில் ஏராளமான வெனிசுவேலாக்காரர்கள் ஸ்டீமில் எழுதினார்கள். சில டாலர்கூட அவர்களுக்குப் பெரிய தொகை. இவள் அரேபா என்ற சோள ரொட்டி சுடுவதைப் பற்றி எழுதியிருந்தாள். சோளமாவில் எவ்வளவு வெந்நீர் என்று பின்னூட்டத்தில் கேட்டேன். பதிலுக்கு இட்லி மாவு ஏன் புளிக்க வேண்டும் என்று கேட்டாள். அந்தப் பின்னூட்டச் சரடு சமையலிலிருந்து தொடங்கி, அவள் அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை, என் வேலை மாற்றம் என்று எங்கெங்கோ போனது. என்னை 'அமிகா', அதாவது தோழி, என்றுதான் கூப்பிடுவாள். 2019 மார்ச் 7 அன்று வெனிசுவேலா முழுக்க மின்சாரம் போனது. நாள்கள் கடந்தன, அவளிடமிருந்து ஒரு வரி இல்லை. மின்சாரம் வந்ததும் அவள் போட்ட முதல் பதிவு, கெட்டுப் போகும் முன் ஃபிரிட்ஜில் இருந்த இறைச்சியைத் தெருவே கூடிச் சுட்டுச் சாப்பிட்டதைப் பற்றி. அந்த வாரம் எங்களில் சிலர் எங்கள் பதிவுகளில் 'பெனிஃபிஷியரி' என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டோம். இத்தனை சதவீதம் இவருக்கு என்று பதிவைப் போடும்போதே குறித்துவிட்டால், ஏழாம் நாள் சங்கிலியே பிரித்துக் கொடுத்துவிடும். வங்கி வேண்டாம், பாஸ்போர்ட் எண் வேண்டாம், இடையில் ஒருவரும் கமிஷன் எடுக்க முடியாது. பிளாக்செயின் எதற்கு உதவும் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

அடுத்த வருடம் பெரிய உடைப்பு. 2020 பிப்ரவரியில், டிரான் என்ற வேறொரு பிளாக்செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன், ஸ்டீமை உருவாக்கிய ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். அந்த நிறுவனத்திடம் இருந்த பெரும் பங்கை வைத்து அவர் சங்கிலியையே ஆளலாம் என்ற பயத்தில், சங்கிலியை நடத்திய விட்னஸ்கள் அந்தப் பங்கைத் தற்காலிகமாக முடக்கினார்கள். மார்ச் 2 அன்று பைனான்ஸ், ஹூவோபி, போலோனியெக்ஸ் ஆகிய பரிவர்த்தனை நிலையங்களில் வாடிக்கையாளர்கள் வைத்திருந்த நாணயங்களின் பலத்தில் ஓட்டு விழுந்து, விட்னஸ்கள் மாற்றப்பட்டார்கள். மூன்று வாரத்துக்குள் சமூகம் முழுச் சங்கிலியையும் பிரதி எடுத்து, ஸ்டீமிட் நிறுவனத்தின் பங்கை விட்டுவிட்டு, ஹைவ் என்று தனியே கிளம்பியது. என் பழைய பதிவுகள், அரேபா பின்னூட்டங்கள் எல்லாம் அப்படியே வந்து சேர்ந்தன. ஒரு தளம் கைமாறினால் அதிலிருந்த எழுத்தும் தொடர்பும் கைவிட்டுப் போவதுதான் வழக்கம். இங்கே எழுதியவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். ஹைவ் கிளம்பிய ஐந்தாம் நாள் இந்தியாவில் ஊரடங்கு. அந்த மாதங்களில் ஹைவைத் திறக்காத நாளே கிடையாது.

எழுத்தில் என்னை வளர்த்தவர் என்றால் அது போலந்தில், கிராக்கோவுக்குப் பக்கத்துச் சிற்றூரில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். இலையுதிர் காலத்தில் காட்டுக்குப் போய்க் காளான் பறிப்பார், படம் எடுப்பார், எது நஞ்சு எது உணவு என்று எழுதுவார். நான் தமிழில் எழுதி, கீழே ஆங்கிலத்தில் சுருக்கம் போடுவேன். அந்தச் சுருக்கத்தைப் படித்துவிட்டு, "முதல் இரண்டு பத்தியை எடுத்துவிடுங்கள், உங்கள் பதிவு மூன்றாவதில்தான் தொடங்குகிறது" என்று எழுதினார். எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது தமிழுக்கும் பொருந்தியது. இன்றும் ஒரு கட்டுரையை முடித்ததும் மூன்றாவது பத்தியிலிருந்து ஒருமுறை படித்துப் பார்க்கிறேன்.

2018 நவம்பரில் கிராக்கோவில் நடந்த, ஸ்டீம் பயனர்கள் கூடும் ஸ்டீம்ஃபெஸ்ட்டில் அவரை நேரில் சந்தித்த ஒரு நண்பர்தான், பின்னாளில் அவர் இறந்த செய்தியைப் பதிவிட்டார். அதற்குப் பிறகும் நான் பதிவு போட்ட சில நிமிடங்களில் அவர் ஓட்டு வந்து விழுந்தது. தனக்குப் பிடித்தவர்களுக்குத் தானாக ஓட்டுப் போக ஒரு சேவைக்கு அனுமதி கொடுத்திருந்தார். அந்த அனுமதிக்குக் காலாவதி தேதி கிடையாது. விட்னஸ்களுக்குப் போட்ட ஓட்டு, ஒரு வருடம் அசைவில்லாமல் இருந்தால் காலாவதியாகும் என்று 2021 ஜூனில் வந்த ஹார்டு ஃபோர்க், அதாவது சங்கிலியின் விதி மாற்றம், விதித்தது. பதிவுகளுக்கான தானியங்கி ஓட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. அறிவிப்புப் பட்டியலில் அவர் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். அவர் சேர்த்த நாணயங்களோ பூட்டியபடி கிடக்கின்றன. சாவி எங்கே என்று குடும்பத்தில் யாருக்கும் தெரியவில்லை.

இதை ஒரு விமர்சகராகவும் சொல்லியாக வேண்டும்: தானியங்கி ஓட்டு ஹைவின் பெரிய நோய். படிக்காமலே ஓட்டு விழுகிறது. அது பழைய ஆட்களுக்கே திரும்பத் திரும்பப் போகிறது. புதியவரின் நல்ல பதிவு 0.02 டாலரைக்கூட எட்டாமல் நிற்கும், அதற்குக் கீழே இருந்தால் கையில் எதுவும் வராது. பங்கு அதிகம் உள்ளவரின் ஓட்டு பெரிது என்ற அடிப்படை விதி இருக்கும்வரை இது தீராது. டவுன்வோட் என்ற எதிர் ஓட்டு வேறு உண்டு. பெரிய கணக்கு ஒன்று நினைத்தால் ஒரு வார உழைப்பின் சன்மானத்தைப் பூஜ்யமாக்கிவிடலாம்.

இன்னும் சில குறைகள். படங்கள் சங்கிலியில் இல்லை, தனி சர்வரில் இருக்கின்றன. எழுத்து நிலைத்தாலும் படம் நிலைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. எழுத்தோ அழியவே அழியாது. திருத்தினால் பழைய வடிவமும் சங்கிலியில் கிடக்கும், ஓட்டோ பின்னூட்டமோ வந்துவிட்டால் நீக்கவும் முடியாது. குழந்தைகள் படம், வீட்டு முகவரி, நோய் விவரம் இங்கே வேண்டாம். வாலட்டில் 0.001 ஹைவ் வந்து, கூடவே ஒரு இணைப்பும் இருந்தால் தொடாதீர்கள்; சாவி திருடும் வேலை அது.

காசு விஷயத்தில் ஒரு நிதானம் தேவை. ஸ்டீம் 2018 ஜனவரியில் 8 டாலரைத் தாண்டியது. ஹைவ் 2021 நவம்பரில் 3 டாலரைத் தாண்டியது. இரண்டும் பிறகு ஒரு டாலருக்குக் கீழே வெகுவாக இறங்கின. இந்தியாவில் கிரிப்டோவை விற்று வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி, 2022 ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீத டிடிஎஸ். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. இவ்வளவும் போக மிஞ்சுவதை நம்பி வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் யாரும் இப்போது எழுதுவதில்லை.

தொடங்க விரும்புகிறவர்கள் ஃபோனில் ஈசென்சியைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். உள்ளே நுழைய போஸ்டிங் சாவியை மட்டும் கொடுங்கள். அறிமுகப் பதிவு போடும் முன், உங்களுக்குப் பிடித்த துறையின் கம்யூனிட்டி ஒன்றில் சேர்ந்து ஒரு வாரம் மற்றவர்களுக்குப் பின்னூட்டம் எழுதுங்கள். ஒரு வார்த்தைப் பாராட்டாக இல்லாமல், கேள்வியாக. நீண்ட கட்டுரையைக் கணினியில் பீக்டியில் எழுதுவது வசதி. வருடத்துக்கு ஒருமுறை அனுமதிகள் பக்கத்தைத் திறந்து, எந்தெந்தச் சேவைக்கு உங்கள் பெயரில் ஓட்டுப் போட உரிமை கொடுத்திருக்கிறீர்கள் என்று பார்த்து, வேண்டாததை நீக்குங்கள். மாஸ்டர் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அது என்ன, எப்படிப் பயன்படுத்துவது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.