கணினிக் கையேடுகளில் குறியொருமை

நூல் செய்வார் தாம் இட்ட குறியைப் பலவிடத்தும் அப்பொருளிலேயே எடுத்தாளுதல் தமிழ் இலக்கண மரபு. பவணந்தியார் இதனை 32 உத்திகளுள் ஒன்றாக வைத்தார். நூற்குற்றம் பத்தனுள் மாறுகொளக் கூறலையும் மயங்க வைத்தலையும் சேர்த்தார். இவ்விதி இலக்கண நூலுக்கே உரியதன்று. செய்முறை கூறும் எந்நூலுக்கும் உரியது.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் சாலைகளில் இதனைக் கண்கூடாகக் காணலாம். அங்குச் செய்முறைத் தாளில் மருந்தின் அளவு நூற்றுக்கு இத்தனை என்றே குறிக்கப்படும். எதன் எடையில் நூற்றுக்கு என்பதே வினா. குரோமியம் ஏற்றும்போது, சுண்ணாம்பிலிட்டுச் சதை களைந்த தோலின் எடை கொள்ளப்படும். பின்னர்ச் சாயமும் எண்ணெயும் ஏற்றும்போது, எந்திரத்தில் சீவிய தோலின் எடை கொள்ளப்படும். குறி ஒன்றே, பொருள் இரண்டு. எந்த எடை என்பதைத் தாள் தெளிவாகச் சொல்லாவிடின் மருந்து மிகும், அன்றிக் குறையும்.

இந்நிலத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கணினி கற்கின்றனர். அவர்க்குத் தமிழ்க் கையேடு துணையாகும். 2012-இல் தோன்றிய ‘கணியம்’ இதழும், அதன் வழி வெளிவந்த ‘எளிய தமிழில்’ என்னும் நூல்வரிசையும் இத்துறையில் ஆற்றிய தொண்டு பெரிது. கலைச்சொல் பற்றி அறிஞர் பலகாலும் வாதிட்டுள்ளனர். ஆனால் கட்டளையின் அமைப்பைக் காட்டும் குறிகளைப் பற்றி ஆராய்ந்தார் அரியர். கலைச்சொல் பிழைபட்டால் வாசகன் விளங்காது நிற்பான். குறி பிழைபட்டால் விளங்கியதாக எண்ணிப் பொருளை இழப்பான்.

யானே இழந்துளேன். (இவ்விதழின் எழுத்துமுறைப்படி கட்டளைகள் இங்குத் தமிழெழுத்தில் தரப்பெறுகின்றன.) சொல்லடைவு ஒன்றிற்காக இரண்டு சொற்பட்டியல்களை ஒருங்கே அகரவரிசைப்படுத்த விரும்பி, ஒரு கையேட்டைப் பார்த்தேன். அதில் இவ்வாறு இருந்தது:

சார்ட் <முதற்கோப்பு> இரண்டாங்கோப்பு

கோண அடைப்பு, ‘இவ்விடத்து நும் கோப்பின் பெயரை இடுக’ என்னும் குறிப்பு, தட்டச்சிடற்கு உரியதன்று. அதனை அறியாது அடைப்போடு தட்டச்சிட்டேன். கணினியோ, அடைப்பின் முதற்பாதியை ‘இக்கோப்பிலிருந்து கொள்க’ எனவும், மறுபாதியை ‘அக்கோப்பில் எழுதுக’ எனவும் கொண்டது. இரண்டாம் பட்டியல் அழிந்தது. ஆசிரியர் இரு பெயர்க்கும் அடைப்பு இட்டிருப்பின், கட்டளை பிழையென்று கணினி மறுத்திருக்கும். ஒன்றற்கு இட்டு ஒன்றற்கு இடாமையே கேட்டிற்குக் காரணமாயிற்று.

இம்மயக்கத்தின் வேர் பழையது. பாக்கசு 1959-இல் வகுத்து, நவுர் 1960-ஆம் ஆண்டு ஆல்கால் அறிக்கையில் ஆண்ட முறையில், கோண அடைப்பு இலக்கண வகையின் பெயரைச் சுட்டியது. 1971-இல் வந்த யூனிக்சின் முதற்பதிப்பிலோ, அதே வடிவம் கோப்பிலிருந்து கொள்ளவும் கோப்பில் எழுதவும் ஏவும் கட்டளைக்குறியாயிற்று. அவ்வாறே நெடுங்கோடு விதியில் ‘அல்லது’ எனப் பொருள்படும். கட்டளையிலோ ஒன்றன் விளைவை மற்றொன்றற்கு ஊட்டும். இங்ஙனம் விதியைக் கூறும் மொழியும் விதிக்கப்படும் மொழியும் ஒரே உருவைப் பங்கிட்டுக்கொண்டன. குறிமுறைகள் தேவையின்றிப் பல்கியதை நிக்லாசு விர்த் 1977-இல் கண்டித்து எழுதினார்.

ஆங்கிலக் கையேடு இம்மயக்கத்தை ஒருவாறு கடக்கிறது. தட்டச்சிடற்குரிய சொல்லைத் தடித்த எழுத்திலும், மாற்றி இடற்குரிய சொல்லைச் சாய்ந்த எழுத்திலும் அச்சிடுகிறது. நம் கையேடுகள் இதனை ஆராயாது மேற்கொண்டன. தமிழ் அச்சுக்குச் சாய்வெழுத்து மரபு இல்லை. பொறியால் சாய்த்த எழுத்து உருக்குலைந்து தோன்றுமேயன்றி வேறு வகையெனத் தோன்றாது. அடிக்கோடிடின் உகர ஊகாரக் குறிகள் மறையும். இவற்றினும் கொடியது உருபு சேர்க்கும் முறை. கட்டளைப் பெயரை அடுத்துச் சிறுகோடிட்டு ‘ஐ’ உருபைச் சேர்க்கின்றனர். அச்சிறுகோடே கட்டளையின் விருப்பக்கூற்றைத் தொடங்கும் குறியுமாம். புதியவன் உருபையும் கட்டளையின் கூறென மயங்குவான்.

இதற்கு மருந்து நம் கையிலேயே உளது. தமிழ்க் கையேட்டில் கட்டளைச் சொல் பெரும்பாலும் உரோமன் எழுத்தில் நிற்கிறது. ஆகலின், உள்ளவாறே தட்டச்சிடற்குரியது உரோமன் எழுத்து, மாற்றி இடற்குரியது தமிழெழுத்து என வரையறுப்பின் சாய்வும் வேண்டா. கோண அடைப்பும் வேண்டா. எழுத்து வேறுபாடே குறியாகும். இது நமக்குப் புதிதன்று. வாணியம்பாடியை அடுத்த உதயேந்திரத்துச் செப்பேடுகளுள் முதற்பராந்தகன் காலத்தது ஒன்றில், வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப்பகுதி தமிழெழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்தை நோக்கிய அளவில் பகுதி விளங்கும்.

இதனோடு மூன்று நெறிகள் வேண்டும். விதிவரி உரைநடையினின்று பிரிந்து தனிவரியாக நிற்றல் வேண்டும். உருபு கட்டளைப் பெயரோடு சேராமல், ‘என்னும் கட்டளை’ என்பதன் ஈற்றில் சேர்தல் வேண்டும். சதுர அடைப்பு விருப்பக்கூற்றிற்கும், முப்புள்ளி மீண்டும் வரற்குரியதற்கும், நெடுங்கோடு ‘அல்லது’ என்னும் பொருட்கும் உரியன என்பதை நூன்முகத்திலேயே கூறி, இறுதிவரை பிறழாது ஆளுதல் வேண்டும்.

தடையும் உண்டு. கோப்பின் பெயரே தமிழில் அமையலாம். ‘எழில்’ போன்ற நிரல்மொழியில் கட்டளைச் சொல்லே தமிழ். முன்னதற்கு, நூற்பாவும் எடுத்துக்காட்டும் வேறு நிற்றல் போல, விதிவரியையும் காட்டுவரியையும் பிரித்துத் தலைப்பிடுதல் போதும். பின்னதற்கு எழுத்து வேறுபாடு உதவாது; மாற்றி இடற்குரிய சொல்லைக் கட்டத்துள் வைத்தல் போன்ற வேறொரு குறியே வேண்டும். அதனையும் ஒன்றாகவே வரையறுத்தல் கடன்.

எக்குறி சிறந்தது என்பதில் அறிஞர் வேறுபடலாம். ஒரு நூலுள் ஒரு குறிக்கு ஒரு பொருள் என்பதில் வேறுபட இடமில்லை. கட்டளையை ஏற்கும் கணினி உய்த்துணர்வதில்லை. உரையாசிரியர் போல் அமைதி கூறிக் காப்பதுமில்லை. ஆகலின் கையேடு எழுதுவோர்க்கு இவ்விதி இலக்கண ஆசிரியர்க்கு உள்ளதினும் கடுமையுடையது என்க.